ஆறும்போது அரிக்கும்

துர்சுன் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது இடது முன்கையில் அரிப்பு எடுத்தது. இரண்டு கையும் மாவுக்குள். கையைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் தேய்த்தாள், அடங்கவில்லை. தாடையில் தேய்த்தாள், கழுத்தெல்லாம் மாவு ஒட்டியதுதான் மிச்சம். கடைசியில் சட்டைக் கையோடு சேர்த்துப் பல்லால் கடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அடுப்பருகே கம்பளியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மாமியார் கனிஷா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கம்பளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலையூரான கராபுலாக்கில் அந்த அரிப்பு தெரியாத வீடு கிடையாது. அறுப்பு முடிந்ததிலிருந்து பனி உருகும்வரை ஆண்களுக்கு ஆடு இழுக்கும் ஆட்டம்தான் பேச்சு, அதுதான் மூச்சு. தலை வெட்டிய ஆட்டு உடலைக் குதிரைமேல் இருந்தபடியே ஒருவன் கையிலிருந்து ஒருவன் பறிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருவன் விழுவான். விழுந்தவன்மேல் சில சமயம் குதிரையும் விழும். அப்படி ஆகிவிட்டால் யாரும் யோசிக்க மாட்டார்கள். அந்த வீட்டு ஆட்டில் ஒன்றை அறுத்து, சூடு போவதற்குள் தோலை உரித்து, ரோமம் வெளியே சதைப்பக்கம் உள்ளே என்று அவனை அதில் சுற்றிப் படுக்கவைப்பார்கள். கட்டிய ரத்தத்தைப் பச்சைத்தோல் இழுத்துக்கொள்ளும். பார்க்க வந்தவர்களுக்குக் கறி, அடிபட்டவனுக்குக் கொழுப்பு மிதக்கிற சாறு.

கறுத்துக் கிடந்த ரத்தக்கட்டு பச்சையாகும், பிறகு பழுத்த இலைபோல மஞ்சளாகும். மஞ்சளான பிறகுதான் அதன்மேல் வேர்க்குரு மாதிரி செம்பொட்டுகள் கிளம்பும். கிளம்பினால் ஆளை உட்காரவிடாது, படுக்கவிடாது. "கெட்ட ரத்தம் வாசல் தேடுது" என்பார்கள். அரிப்பு வந்துவிட்டதென்றால் பிழைத்துக்கொண்டான் என்று அர்த்தம். பெண்டாட்டி ஆட்டுவால் கொழுப்பை உருக்கித் தேய்த்துவிடுவாள். அவன் சட்டையைக் கழற்றிப்போட்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் முதுகைக் காட்டுவான்.

துர்சுன் கல்யாணமாகி வந்தபிறகு குதிரை ஏறியதே இல்லை. அவளுக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்டதுமில்லை.

அவள் கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பெண். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதுவாவது இருக்கட்டும் என்று துர்சுன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கே இருக்கட்டும் என்றுதான் அர்த்தம். அப்பா அம்மா போனபின் மூத்த அண்ணன் இசாக்தான் வளர்த்தான், அவன்தான் கட்டிக்கொடுத்தான். மாப்பிள்ளை ஷார்ஷே, மேட்டு வீட்டு அப்திராயின் கடைசி மகன். அண்ணன்களில் ஒருவன் பட்டாளத்துக்குப் போன ஊரிலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். இன்னொருவன் நரின் பட்டணத்தில் லாரி ஓட்டினான். கடைசிப் பிள்ளைக்குத்தான் அப்பன் வீடு என்பது வழக்கம். ஆகவே வீடும், விதவைத் தாயும், கூட்டுப் பண்ணை கலைந்தபோது பங்குக்கு வந்த கொஞ்சம் ஆடுகளும் ஷார்ஷேக்கு வந்தன.

ஷார்ஷே குதிரைமேல் அழகன். அதை ஊரே சொல்லும். குதிரையிலிருந்து இறங்கினால் வேறு ஆள். ஆட்டத்தில் தோற்று வந்தால் தோற்றதற்கு, ஜெயித்து வந்தால் குடித்ததற்கு. சவுக்கின் வாரை அவன் பயன்படுத்த மாட்டான். வார் கிழிக்கும், கிழிந்தால் வெளியே தெரியும். கட்டைப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்வான். துர்சுன் முகத்தை மறைக்கக் கையைத் தூக்குவாள். அடி கையில் விழும்.

கறுப்பாக இருக்கும்வரை அவள் சமாளித்துவிடுவாள். நீளக் கை வைத்த சட்டை, அதன்மேல் பஞ்சு வைத்த கோட்டு. வலியை மறைத்துவிடலாம். அரிப்பை மறைக்க முடியாது. கை தானாகப் போய்விடும்.

அந்த இலையுதிர் காலத்தில் கூமுஷ் வீட்டில் கம்பளம் அடித்தார்கள். கூமுஷ், ஷார்ஷேயின் பெரியப்பா மகனைக் கட்டியவள். ஷார்ஷேக்கு மதினி முறை. வாய் பெரிய வாய், ஆனால் கெட்ட மனசு இல்லை. மூத்த மகளுக்குச் சீர் சேர்த்துக்கொண்டிருந்தாள். தெருப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நாணல் பாயில் கம்பளியைப் பரப்பி, கொதிநீர் ஊற்றி, சுருட்டி உதைத்து உருட்டியாகிவிட்டது. இனி பாயைப் பிரித்து, பெண்கள் வரிசையாக மண்டியிட்டு, வெறும் முன்கையால் அழுத்தி அழுத்தி உருட்ட வேண்டும். அப்போதுதான் கம்பளி இறுகும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டாமல் அது நடக்காது.

கனிஷா எப்போதும்போலக் கெட்டிலை எடுத்துக்கொண்டு வெந்நீர் ஊற்றுகிற வேலைக்குப் போய்விட்டாள். அவள் உருட்ட உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மூட்டுவலி என்பாள்.

"கையைச் சுருட்டுடி, மகாராணி" என்றாள் கூமுஷ். "சட்டையோட உருட்டினா உன் சட்டைதான் கம்பளமாகும்."

"இருக்கட்டும் மதினி, ஈரம் படட்டும்."

"அட, சுருட்டுங்கறேன்." கூமுஷே எட்டி அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டாள்.

முன்கை முழுக்க மஞ்சள். மஞ்சள்மேல் செம்பொட்டுகள், சொறிந்த இடமெல்லாம் நகக்கோடுகள். கூமுஷ் யோசிக்காமல் வாயை விட்டாள். "என்னடி இது! நீயும் ராத்திரியில ஆடு இழுக்கப் போறியா? என் கொழுந்தனாரு உன்னைக் குதிரையில இருந்து தள்ளிட்டாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. ஒருத்தி கம்பளத்தைப் பார்த்தாள், ஒருத்தி தன் விரலைப் பார்த்தாள். கூமுஷின் முகம் வெளுத்துவிட்டது.

அந்த இடைவெளியில்தான் கனிஷா கெட்டிலோடு வந்து நின்றாள். "சொறி" என்றாள். "புதுசா வாங்கின ஆட்டுக்குச் சொறி. அதுல இருந்து இவளுக்குத் தொத்திக்கிச்சு. நான் சொல்லிட்டே இருந்தேன், போகாதேன்னு. கேக்கணுமே."

சொறி என்ற சொல் விழுந்ததும் துர்சுனுக்கு இரண்டு பக்கமும் இருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு முழம் நகர்ந்தார்கள். அவர்களுக்கும் அது சௌகரியமாக இருந்தது. சொறி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மற்றதற்கு என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. கல்யாணக் கம்பளத்தில் சொறிக் கை படலாமா? மறுபடி கொதிநீர் வைத்து ஊற்றினார்கள். துர்சுன் எழுந்து, சட்டைக் கையை இறக்கிக்கொண்டு, தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

சொல் வாயிலிருந்து வந்தபின் அது சொன்னவளுக்குச் சொந்தமில்லை. சாயங்காலமே தெரு முழுக்கப் பரவிவிட்டது. சொறி பிடித்தவள் பிசைந்த ரொட்டியை யார் தின்பார்கள்? பால் கறக்கக் கூடாது. தனிக் கிண்ணம், தனித் தட்டு. சேணம் போட்டுவைக்கிற கொட்டகையில் படுக்கை. அதையெல்லாம் துர்சுன் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்று. மகள் பெர்மெத்துக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை, பால் மறக்கவில்லை. அவளைக் கனிஷா தூக்கித் தன்னோடு வைத்துக்கொண்டாள்.

"அத்தே, புள்ளையை மட்டும் விடுங்க. துணியைச் சுத்திக்கிட்டுத் தூக்குறேன்."

"ஊரு பாக்குது. சொறின்னு சொன்ன வாயால, புள்ளையைத் தூக்குன்னு எப்படிச் சொல்றது?"

"சொறி இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

கனிஷா குழந்தையின் மூக்கைத் தன் தலைத்துணியால் துடைத்தாள். பிறகு, "ஆறட்டும். ஆறினதும் தர்றேன்" என்றாள்.

ஆக, ஆறினால்தான் பிள்ளை. துர்சுன் அதையே பிடித்துக்கொண்டாள். கையைத் துணியால் கட்டினாள், நகத்தை ஒட்ட வெட்டினாள், அரித்தால் குளிர்ந்த தண்ணீரில் முக்கிவைத்தாள். கனிஷாவோ ஊருக்குக் காட்ட வேண்டுமே என்று கந்தகக் களிம்பு வாங்கிவந்து, அக்கம்பக்கத்தார் பார்க்க முற்றத்திலேயே உட்காரவைத்துத் தடவினாள். கந்தகம் பட்ட இடம் எரிந்து இன்னும் சிவந்தது. பெர்மெத் பாட்டியின் இடுப்பிலிருந்து இரண்டு கையையும் நீட்டி அழும். துர்சுன் முற்றத்தின் மறு கோடியில் நின்று சாண வறட்டியை அடுக்குவாள். மார்பு கட்டிப்போய்ச் சட்டையெல்லாம் ஈரமாகும்.

ஒருநாள் மருந்து வாங்குகிற சாக்கில் ஊர் நர்ஸ் ஜிபாரிடம் போனாள். ஜிபார் அவள் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.

"சொறின்னா மொதல்ல இந்த விரல் இடுக்குலதான் வரும். உனக்கு இங்க சுத்தமா இருக்கு."

துர்சுன் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரனும் ஆட்டத்துக்குப் போறவன்தான். அவனுக்கு முதுகுல வரும், தொடையில வரும். குதிரையில இருந்து விழுந்தா அங்கதான் படும்." ஜிபார் தன் முன்கையைத் தூக்கி முகத்துக்குக் குறுக்கே பிடித்தாள். "இந்தப் பக்கம் படணும்னா இப்படிப் பிடிச்சாத்தான் படும்."

"அக்கா, சொறி இல்லைன்னு வந்து எங்க அத்தைகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஊரு கேக்கும். புள்ளையைக் குடுத்துருவாங்க."

"சொல்லலாம். சொறி இல்லைன்னா அப்புறம் என்னன்னு கேப்பாங்களே. அதையும் நான்தான் சொல்லணும். சாயங்காலம் உன் வீட்டுக்காரன் உன்னைக் கேப்பான். நானா வந்து நடுவுல நிக்கப்போறேன்?" ஜிபார் ஒரு சாதாரணக் களிம்பை எடுத்து அவள் கையில் வைத்தாள். "கந்தகத்தை நிறுத்து. இதைப் போடு. தானா ஆறும். அடுத்தது விழாம இருந்தா." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்றாள்.

துர்சுன் தலையாட்டினாள்.

இசாக் வந்தான். மகனின் மச்சானுக்குக் கனிஷா குறை வைக்கவில்லை. வாசலுக்கு எதிரே, பெரியவர்களை உட்காரவைக்கிற மேலிடத்தில் மெத்தை, விரிப்பு நிறையப் பொரித்த மாவுத்துண்டுகள், வெண்ணெய், ஜாம், கறி. ஷார்ஷே தன் கையாலேயே டீ ஊற்றிக்கொடுத்தான். அன்றைக்கு அவனைப் பார்த்தால் யாரும் பெண் கொடுப்பார்கள். சொறியைப் பற்றிக் கவலையோடு பேசினான். நல்ல மருந்தாகப் பட்டணத்திலிருந்து கொண்டுவரும்படி லாரி ஓட்டுகிற அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன் என்றான்.

புறப்படும்போது துர்சுன் அண்ணனின் குதிரையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைவரை போனாள். அங்கே சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். கறுப்பும் இல்லை, பச்சையும் இல்லை, மஞ்சள்கூடப் போய்விட்டிருந்தது. வெறும் செம்பொட்டுகளும் கந்தகத்தில் உரிந்த தோலும்தான்.

"ஆறிடும்மா. சொறி எல்லாருக்கும் வர்றதுதான்."

"சொறி இல்லண்ணா."

இசாக் அவள் கையைப் பார்த்தான். அவனும் ஆட்டம் ஆடியவன்தான். அந்தப் பொட்டு எதனுடையது என்று அவனுக்குத் தெரியாதா? குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தான்.

"கல்லு விழுந்த இடத்துலதான் கனம்னு சொல்லியிருக்காங்க. எடுத்து எடுத்துப் போட்டா அதுக்கென்ன மதிப்பு?"

"நான் கல்லு இல்லண்ணா. என்னையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. மாட்டுக் கொட்டாயில படுத்துக்கறேன்."

"புள்ளை அவங்க வீட்டுப் புள்ளை. குடுக்க மாட்டாங்க. உன்னை மட்டும்னா..." அவன் சேணத்தைச் சரிசெய்தான். சரியாகத்தான் இருந்தது. "வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு. சொறியோட வந்தேன்னா உன் மதினி என்ன சொல்லுவா?"

துர்சுன் கடிவாளத்தை அவன் கையில் கொடுத்துவிட்டாள். அவன் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். அவள் அப்போதும் சட்டைக் கையை இறக்காமல் நின்றிருந்தாள்.

முதல் பனி விழுந்த கையோடு ஷார்ஷே விழுந்தான். எதிர்க்கட்சி இரண்டு பக்கமும் நெருக்க, குதிரை முழங்கால் மடங்கி அவன்மேல் புரண்டது. பஞ்சுக் கோட்டின்மேல் போட்டுத் தூக்கிவந்தார்கள். கனிஷா தலையில் அடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தாள். இருந்த கிடாய்களில் கொழுத்ததை அறுத்தார்கள். ஆவி பறக்கிற தோலில் ஷார்ஷேயை வைத்துச் சுற்றினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான், நெற்றியில் வேர்வை முத்து முத்தாக. துர்சுன் கதவு ஓரத்தில் நின்றாள். புருஷனைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை, சொறி. அந்தத் தோல் உள்ளே இருக்கிறவனோடு சேர்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த ஆட்டை அவள்தான் குட்டியிலிருந்து வளர்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் கைக்கு ஒரு துண்டுத் தோலை யாராவது வைத்தார்களா என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அவளுக்கே பயமாக இருந்தது.

எலும்பு முறியவில்லை. முதுகு முழுக்கக் கறுத்து, வழக்கம்போலப் பச்சையாகி, மஞ்சளாகி, அரிக்கத் தொடங்கியது. நலம் விசாரிக்க உறவெல்லாம் வந்தது. அப்திராயின் பங்காளிகள் மூன்று கிழவர்கள், ஜிபாரின் புருஷன், ஆட்டக்காரர்கள் நாலைந்து பேர், கூமுஷ். ஷார்ஷே சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்புப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். கனிஷா கொழுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெர்மெத் அவள் மடியில்.

கூமுஷ் அன்று கம்பளத்து வேலைக்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. இப்போது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதுகை எட்டிப் பார்த்தாள்.

"கொழுந்தனாரே, இதென்ன முதுகு, கோழி கொத்தின மாதிரி?"

"கெட்ட ரத்தம் வாசல் தேடுது மதினி."

"வாசலா? எனக்கென்னவோ சொறி மாதிரி தெரியுதே!" அவள் கிண்ணத்தோடு பின்னால் நகர்ந்தாள். "ஐயய்யோ, அத்தே, இவருக்கும் தனிக் கிண்ணம் வைங்க. சேணக் கொட்டாயில படுக்கை போடுங்க. இவரு ஏறினா குதிரைக்குத் தொத்தும், குதிரைக்குத் தொத்தினா ஊருக்கே தொத்தும். அடுத்த ஆட்டத்துக்கு இவரை யாரு பக்கத்துல விடப்போறா?"

ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். மதினி கொழுந்தனைக் கேலி செய்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தவன்தான் சின்ன ஆள். ஷார்ஷேயும் சிரித்தான். "கண்ணு அவிஞ்சு போச்சா மதினி? அடிபட்டது ஆறுற அரிப்பு இது. பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்படியா? எனக்கு வயசாச்சு, வித்தியாசம் தெரியல." கூமுஷ் கதவுப் பக்கம் திரும்பினாள். அங்கே துர்சுன் வறட்டிக் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். "துர்சுன், இங்க வாடி. உன் கையைக் கொண்டா. இவரு முதுகு பக்கத்துல வச்சு ஒரு தடவை பார்த்துருவோம். எது சொறி, எது அடின்னு பெரியவங்க சொல்லட்டும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கிழவர்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் பார்த்தார். ஜிபாரின் புருஷன் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். ஷார்ஷேயின் கழுத்து சிவந்து ஏறியது. ஆனால் சட்டை இல்லாமல், முதுகெல்லாம் கொழுப்போடு, அத்தனை பேர் நடுவில் அவனால் எழவும் முடியவில்லை.

துர்சுன் கூடையைக் கீழே வைத்தாள். சட்டைக் கையில் விரல் வைத்தாள்.

"வேணாம்" என்றாள் கனிஷா. "கையெல்லாம் பார்க்க வேணாம். அவளுக்கு ஆறிடுச்சு. நேத்தே ஆறிடுச்சு." குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, எல்லோரையும் தாண்டி நடந்து, துர்சுனின் கையில் திணித்தாள். "புடி. இவளோட படுத்து எனக்குத் தூக்கமே போச்சு."

ஆறவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெர்மெத் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பால் வற்றிவிட்டிருந்தது, வெறும் மார்பை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனது. அதன் தலை துர்சுனின் முன்கைமேல், சரியாக அந்த இடத்தில். அரிப்பு பிடுங்கி எடுத்தது. துர்சுன் கையை அசைக்கவில்லை.

இதோடு அவளுக்கு விடிந்துவிட்டது என்று சொன்னால் பொய். முதுகு ஆறி ஷார்ஷே மறுபடி குதிரை ஏறினான், மறுபடி இறங்கினான். அதற்குப் பிறகு அவன் அவளைக் கையில் அடித்ததில்லை. முதுகில் அடித்தான். முதுகு யாருடைய கண்ணிலும் படாது, கம்பளம் உருட்டவும் தேவையில்லை. முதுகு அரித்தால் அவள் கொட்டகைத் தூணில் சாய்ந்து தேய்த்துக்கொள்வாள். எப்போதாவது கனிஷா வந்து, எதுவும் கேட்காமல், எதுவும் சொல்லாமல், கொழுப்பைத் தேய்த்துவிட்டுப் போவாள்.

கனிஷா செத்தபோது மருமகளும் கூமுஷும்தான் உடம்பைக் கழுவினார்கள். இடது கையைத் தூக்கியபோது துர்சுன் நின்றுவிட்டாள். முழங்கைக்குக் கீழே எலும்பு ஒரு இடத்தில் கோணலாகக் கூடியிருந்தது. அத்தனை வருடம் ஒரே அடுப்பில் சமைத்தும் அந்தக் கையை அவள் பார்த்ததில்லை. கூமுஷ், "ஊத்துடி தண்ணியை" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கடுத்த குளிர்காலத்தில் ஷார்ஷே குடித்துவிட்டு ஆற்றுப் பனிமேல் குதிரையை விட்டான். பனி தாங்கவில்லை. குதிரை மட்டும் கரையேறி வந்தது. துர்சுன் முறைப்படி ஒப்பாரி வைத்தாள். நல்ல குரல் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

பெர்மெத் வளர்ந்தாள். அட்பாஷிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். பையன் மார்க்கெட்டில் செல்போன் கடை வைத்திருந்தான். குதிரையே ஏறத் தெரியாதவன். அதில் துர்சுனுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

ஒரு கோடையில் பெர்மெத் வந்து இறங்கினாள். வெயில் கொளுத்துகிற நாள். நீளக் கை வைத்த சட்டை. டீ குடிக்கும்போது இடது கையைப் பலகை விளிம்பில் தேய்த்துக்கொண்டாள்.

துர்சுன் கிண்ணத்தை வைத்துவிட்டு மகளின் சட்டைக் கையை மேலே தள்ளினாள். ஓரத்தில் மஞ்சள், அதன்மேல் பொட்டுகள். அதற்கு மேலே, முழங்கை பக்கம், இன்னும் கறுப்பாக ஒன்று. புதுசு.

"கொசு கடிச்சதும்மா."

"சரி" என்றாள் துர்சுன்.

மறுநாள் அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள். இசாக்குக்கு அப்போது வயதாகி, குதிரை ஏற ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பேரனின் காரில் வந்து இறங்கினான். முற்றத்தில் ஒரு கிடாய் கட்டியிருந்தது. பக்கத்தில் கத்தி.

"யாரு குதிரையில இருந்து விழுந்தது?"

"யாரும் விழல. அறுங்கண்ணா. பொம்பளை அறுக்கக் கூடாதுன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன், இல்லைன்னா நானே அறுத்திருப்பேன்."

இசாக் வீட்டுக்குள் பார்த்தான். பெர்மெத் கையில்லாத சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் கத்தியைக் கையில் எடுத்தான். அதன்பின் பேரனைக் கால் பிடிக்கச் சொன்னான். அவனே அறுத்தான். தோலை உரிக்கும்போது துர்சுனைப் பார்க்காமல், "அன்னைக்குத் தெருமுனையில நான்..." என்று ஆரம்பித்தான்.

"சூடு போயிரும். சீக்கிரம் உரிங்க" என்றாள் துர்சுன்.

முற்றத்திலேயே, பட்டப்பகலில், வேலிக்கு அந்தப் பக்கம் தெரு பார்க்க, பெர்மெத்தைத் தோலில் சுற்றினாள். பொம்பளையைத் தோலில் சுற்றி அந்த ஊர் பார்த்ததில்லை. கூமுஷ் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கறி வெந்தது. விழுந்தவன் வீட்டுக்கு வருவதுபோலவே வந்தார்கள், தின்றார்கள், போனார்கள்.

கூட்டிப்போக மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் வந்தபோது தோல் வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மாள் அதைப் பார்த்தாள். "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் துர்சுன். "உள்ள வாங்க, டீ குடிங்க. புள்ளை வரமாட்டா."

அவர்கள் டீ குடித்தார்கள். கிண்ணம் காலியாகும்வரை கல்லைப் பற்றிய பழமொழியை யாரும் எடுக்கவில்லை. இசாக் மேலிடத்தில் உட்கார்ந்து வேலிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கார் போனபின் தெருவில் தூசி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பெர்மெத்துக்கு அரிப்பு தாங்கவில்லை. துர்சுன் வால் கொழுப்பை உருக்கி, மகளின் முன்கையில் மெல்லத் தேய்த்தாள்.

"எப்பம்மா நிக்கும்?"

"ஆறினா நிக்கும்."

விரலில் கொஞ்சம் கொழுப்பு மிச்சம் இருந்தது. துர்சுன் தன் சட்டைக் கையைத் தூக்கினாள். அங்கே ஒன்றும் இல்லை. சுருங்கின தோல், அவ்வளவுதான். இருந்தும் அரித்தது. மிச்சத்தை அங்கே தடவிக்கொண்டாள்.